பலகை வீட்டுச் சத்தம் கொண்டோவுக்குள் வருமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 43. பெயரையும், குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடியின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 12 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு) வைத்த ஜப்பானிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கி, பலகை வீட்டின் முன்கூடத்தில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் போட்டால் மிருதங்கம் நெஞ்சில் வந்து தட்டும். அந்த ஸ்பீக்கர் கரையானுக்குப் போய் வெகுநாள் ஆகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவும் காலமானார். அவர் விட்டுப்போன அறுபது சொச்சம் கேசட்டுகளும் இருபது இசைத்தட்டுகளும் இப்போது வாசகரிடம் இருக்கின்றன.

கொண்டோவில் மூன்றாவது படுக்கையறை காலியாக இருக்கிறது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி 3 அங்குல உயரம். தரையில் டைல், சுற்றிலும் பூசிய செங்கல் சுவர். ஒரு பக்கம் சன்னல், இன்னொரு பக்கம் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். நண்பர் கொடுத்த 50 வாட் ஆம்ப்ளிஃபயர் கையில் இருக்கிறது. பட்ஜெட் 6,000 ரிங்கிட். இணையத்தில் தனிநபர் ஒருவர் 12 அங்குல வூஃபர் கொண்ட பழைய டவர் ஸ்பீக்கர் ஜோடியை 4,800 ரிங்கிட்டுக்கு விற்கிறார். 50 வாட் இதற்குப் பத்தாது, 200 வாட் ஆம்ப் வேண்டும், 900 ரிங்கிட்டுக்கு நல்ல கேபிளும் வேண்டும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு ஒன்பதரைக்கு மேல்தான் இவருக்குப் பாட்டுக் கேட்க நேரம். டிவி சத்தத்துக்கே அண்டை வீட்டார் ஒருமுறை நிர்வாக அலுவலகத்தில் புகார் செய்திருக்கிறார்கள். ஆகவே சுவர் முழுக்க ஃபோம் ஒட்டி, சத்தம் வெளியே போகாமல் செய்யலாம் என்று திட்டம். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த அறைக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதுக்குங்க?"

வாசகர் என்னிடம் கேட்பவை நான்கு. அந்த ஜோடியை வாங்கலாமா? 50 வாட் போதுமா? ஃபோம் ஒட்டினால் அண்டை வீட்டுப் பிரச்சினை தீருமா? வாங்கியபின் பழுதென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

தம்பி, கடிதத்தில் இருக்கும் மிகச் சரியான கேள்வியை உங்கள் மனைவி கேட்டிருக்கிறார். அதிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளாக இசைப்பதிவுக் கூடங்களுக்கும் மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தில் ஸ்பீக்கரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. அறையைப் பற்றி நான்கு வரி. என் பதில் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

முதலில் அப்பாவின் ஸ்பீக்கர். அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்ததற்குப் பெரிய வூஃபர்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். பாதிக் காரணம் அது. மீதிப் பாதி அந்த வீடு. தோட்டத்துப் பலகை வீட்டை நினைத்துப் பாருங்கள். மெல்லிய பலகைச் சுவர், இடுக்கு இடுக்காக வெளிச்சம் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் கிடையாது. சன்னல் கதவெல்லாம் திறந்தே கிடக்கும். பேஸ் என்று சொல்லும் தாழ்ந்த ஒலி அந்தப் பலகையை அசைக்கும். அசைக்கும்போதே தன் சக்தியில் ஒரு பங்கை இழக்கும், இன்னொரு பங்கு சன்னல் வழியே ரப்பர் மரங்களுக்குப் போய்விடும். உள்ளே தேங்குவது கொஞ்சம்தான். அதனால்தான் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, இறுக்கமாகக் கேட்டது. இன்று பதிவுக் கூடம் கட்டுகிறவர்கள் மெல்லிய பலகையைச் சட்டத்தில் அடித்துப் பின்னால் காற்றிடம் விட்டுப் பேஸை உறிஞ்ச வைக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அது வீட்டோடு கிடைத்திருந்தது.

கொண்டோவின் செங்கல் சுவர் அப்படி அசையாது. போன பேஸ் அப்படியே திரும்பி வரும், மறுபடி எதிர்ச்சுவரில் மோதும், அடுத்த அடி விழும்போது முந்தைய அடி இன்னும் அறைக்குள் உருண்டுகொண்டிருக்கும். 12 அங்குல வூஃபர் ஜோடியை இந்த அறையில் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஓயாத ஒரு 'ஊம்' சத்தம். 1990-களின் தொடக்கத்தில் சேராஸில் வாடகை ஃபிளாட்டில் இருந்தபோது நானே இதைச் செய்து, ஏழு மாதம் ஆம்ப்பையும் கேபிளையும் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதே பெட்டிகளை ஒரு நண்பரின் பெரிய கூடத்துக்குத் தூக்கிப்போய் வைத்த அன்று, குறை எதுவும் இல்லாமல் பாடின. உங்களுக்கு அந்த ஏழு மாதம் வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் அறையின் அளவைக் கொடுத்ததற்கு நன்றி. அதை வைத்தே கணக்குப் போடலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். அந்த வேகத்தைச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்த இரு சுவர்களுக்கும் நடுவே எந்தத் தாழ்ந்த சுரம் மாட்டிக்கொண்டு வீங்கும் என்று தெரிந்துவிடும். உங்கள் 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. 10 அடி அகலத்துக்கு 57. உயரத்துக்கு 61. பின்னிரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். அறை இதைவிடச் சதுரமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதாவது பேஸ் கிட்டார் வரும் திரைப்பாட்டு எதைப் போட்டாலும் அதன் நடை நேராக இந்த மேட்டில்தான் வந்து ஏறும். சில சுரம் காதைக் குத்தும், அடுத்த சுரம் காணாமல் போகும்.

அப்படியானால் எந்த அளவு?

ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபரும் உயர்ந்த ஒலிக்கான ஒரு ட்வீட்டரும் கொண்ட, ஸ்டாண்டில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர். என் பரிந்துரை இதுதான், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. இவை சுமார் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாமாகவே தணிந்துவிடும். உங்கள் அறையோ சரியாக அந்த இடத்திலிருந்து கூட்டிக் கொடுக்கத் தொடங்குகிறது. பெட்டி விடும் இடத்தில் அறை பிடித்துக்கொள்ளும்.

சின்னப் பெட்டி என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் நம் ஆட்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஆளுயரப் பெட்டிகளைப் பார்த்துப் பழகியதால் இருக்கலாம். 1970-களில் பிரிட்டனின் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்கென்று ஒரு ஸ்பீக்கரை வடிவமைத்தது. எல்எஸ்3/5ஏ என்று பெயர். உட்கொள்ளளவு ஐந்து லிட்டர் அளவுதான், நம் வீட்டுச் சமையல் எண்ணெய் கலன் மாதிரி. வேனுக்குள் இடமில்லாததால் அவ்வளவு சிறியதாகச் செய்தார்கள், ஆனால் மனிதக் குரல் மாறாமல் கேட்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் சிறிய அறையில் குரல் கேட்க அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்கப்போவதும் பெரும்பாலும் குரல்தான். அப்பாவின் கேசட்டில் இருக்கும் ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகள் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றின் பதிவிலேயே ஆழ்ந்த பேஸ் கிடையாது. அந்தப் பாட்டுக்கு 12 அங்குலம் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை.

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். போர்ட் என்னும் காற்றுத்துளை பின்னால் இருந்தால், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒன்றரை, இரண்டு அடி தேவைப்படும். துளையே இல்லாத மூடிய பெட்டியோ, துளை முன்னால் இருப்பதோ என்றால் கொஞ்சம் நெருக்கி வைக்கலாம். சில நிறுவனங்கள் துளையை அடைக்க ஃபோம் தக்கை கொடுக்கின்றன. உங்கள் அறைக்கு அது உதவும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வார்ஃப்டேல், கெஃப், எலாக், டாலி, மானிட்டர் ஆடியோ போன்ற ஸ்பீக்கர் நிறுவனங்கள் எல்லாமே இந்த அளவில் செய்கின்றன. கெஃப்பில் ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே பொருத்தியிருப்பார்கள். உங்களைப்போல் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு இரண்டின் ஒலியும் ஓரிடத்திலிருந்து வருவது நன்மை. ஆனால் நான் ஒரு பெயரைச் சொல்லி நீங்கள் அதை வாங்குவதைவிட, மூன்றைக் கேட்டுப் பார்த்து உங்கள் காது சொல்வதை வாங்குங்கள்.

கேட்டுப் பார்க்க பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலுக்குப் போகலாம். தாமான் ஜெயா எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. ஹை-ஃபை கடைகளும் இசைத்தட்டுக் கடைகளும் அங்கே சேர்ந்தே இருக்கும். அப்பாவின் இசைத்தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய ஸ்பீக்கர் நன்றாகப் பாடும் பாட்டு. உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போட்டால்தான் உங்களுக்கு வித்தியாசம் தெரியும். கடையின் அறை பெரியதா, தரையில் கம்பளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால், முன்பணம் கட்டி இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். எல்லாக் கடையும் ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

50 வாட் போதுமா?

தாராளமாகப் போதும். கடையில் சொன்னது பெரிய கூடத்துக்குப் பொருந்தலாம், உங்கள் அறைக்குப் பொருந்தாது. சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று எழுதிய சாதாரண ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் வரும் என்று அர்த்தம். நீங்கள் உட்காரும் தூரத்துக்கு நான்கு டெசிபல் கழியுங்கள், ஸ்பீக்கர் இரண்டு என்பதால் மூன்று கூட்டுங்கள். ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் வீதத்தில் 85 டெசிபல் உங்கள் காதுக்கு வந்துவிட்டது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 85தான். இரவு ஒன்பதரைக்கு நீங்கள் 65, 70-க்கு மேல் போகப் போவதில்லை. அரை வாட்கூடச் செலவாகாது.

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் மூன்று டெசிபல்தான் கூடும். 50-லிருந்து 200-க்குப் போனால் ஆறு டெசிபல். அதற்காக இன்னொரு ஆம்ப் வாங்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடை. உங்கள் ஆம்ப்பின் பின்னால் '8 ஓம்' என்று மட்டும் போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரைத் தவிர்த்துவிடுங்கள், ஆம்ப் சூடேறும். கேபிளைப் பொறுத்தவரை, ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் சுத்தமான செம்புக் கம்பி போதும். அந்த 900 ரிங்கிட்டுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இரவில் தாழ்த்திக் கேட்கும்போது பாட்டு மெலிந்து போனது மாதிரி இருக்கும். அது ஸ்பீக்கரின் குறை இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் கைவிடும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதற்காகத்தான் பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். உங்களுடையதில் இருந்தால் இரவில் கூச்சப்படாமல் அழுத்துங்கள். இல்லாவிட்டால் பேஸ் திருகைச் சற்றுக் கூட்டுங்கள்.

அண்டை வீடும் ஃபோமும்

இங்கே உங்களை நிறுத்தியே ஆக வேண்டும். சுவரில் ஒட்டும் ஃபோம் சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது. முட்டை அட்டையும் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை. சுவரைத் தாண்டாமல் நிறுத்துவது முற்றிலும் வேறு வேலை, அதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் தேவை. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டர் பக்கம் வரும். ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்துவிட முடியும்? ஃபோம் உறிஞ்சுவது உயர்ந்த சுரங்களை மட்டும்தான். சுவர் முழுக்க ஒட்டினால் வீணை மீட்டலின் தெளிவும் நாதசுரத்தின் கணீரொலியும் போய், உங்கள் 'ஊம்' மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மலிவான ஃபோம் சீக்கிரம் தீப்பிடிக்கும், புகையும் கொடியது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அண்டை வீட்டாருக்குக் கேட்பது பெரும்பாலும் பேஸ். ஆக, பேஸ் குறைவான சிறிய ஸ்பீக்கரை நீங்கள் தேர்ந்தெடுத்த அன்றே பிரச்சினையில் பாதி குறைந்துவிடும். பொதுச் சுவரை ஒட்டி ஸ்பீக்கரை வைக்காதீர்கள், சுவரில் ஆணியடித்து மாட்டவும் வேண்டாம். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் அட்டை போடுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். பிள்ளைகளின் தூக்கத்துக்கும் அது நல்லது.

சட்டப்படி உங்கள் நிலை என்ன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வரும் துணைவிதிகள், மற்ற வீட்டாருக்குத் தொல்லை தரும்படி வீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. சொந்த வீடு, கதவைச் சாத்திவிட்டேன் என்பது பதிலாகாது. அதைவிட நான் சொல்ல விரும்புவது வேறு: ஸ்பீக்கர் வந்த முதல் வாரமே, ஏதாவது பலகாரத்தோடு அண்டை வீட்டுக்குப் போங்கள். பாட்டுப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டில் போய் நின்று கேளுங்கள். எந்த அளவில் கேட்கவில்லையோ அதை ஆம்ப்பில் ஒரு பென்சில் கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எழுதியவரே அந்தக் கோட்டுக்குச் சாட்சியாக இருப்பார்.

அந்த 4,800 ரிங்கிட் ஜோடி

வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் அறை. அதை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது காரணம் நம் ஊர்க் காற்று. பழைய வூஃபர்களைச் சுற்றி ஃபோம் வளையம் இருக்கும். ஈரப்பதத்தில் அது பத்துப் பதினைந்து ஆண்டில் உளுத்துப்போகும். விரலால் தொட்டால் ஒட்டும், இல்லாவிட்டால் உதிரும். மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் மாற்றிய பிறகும் பழைய சத்தம் அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ரப்பர் வளையம் நீண்ட நாள் உழைக்கும். பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் ஊதியிருக்கிறதா, இரண்டு பெட்டியின் வரிசை எண்களும் அடுத்தடுத்ததா, ஒரே பாட்டை இரண்டிலும் தனித்தனியாகப் போட்டால் ட்வீட்டர்கள் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா என்று பார்க்காமல் எந்தப் பழைய ஸ்பீக்கருக்கும் பணம் கொடுக்காதீர்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது கூடவே கூடாது.

மூன்றாவது காரணம் உங்கள் நான்காவது கேள்விக்கும் பதில். பழுதென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரமாக விற்கிறவரிடம் வாங்கும்போதுதான் உங்களுக்குத் துணை நிற்கும். வீட்டிலிருந்த பழைய பொருளை விற்கும் தனிநபர் வியாபாரி இல்லை. அவர்மேல் வழக்குப் போட விரும்பினால் சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கடையில் வாங்கினால் கதை வேறு. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உறுதிப்பாடு சட்டத்திலேயே இருக்கிறது, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டதால் அது போய்விடாது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் தீர்ப்பாயத்தில் பதியலாம். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம். ரசீதையும், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னதையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் ஒன்று: நல்ல ஸ்பீக்கர் உங்கள் அறைக்குப் பொருந்தவில்லை என்பது பழுது ஆகாது, அதற்கு எந்தத் தீர்ப்பாயமும் பணம் வாங்கித் தராது. வாங்குவதற்கு முன் கேட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

6,000 ரிங்கிட்டை எப்படிப் பிரிப்பது?

ஸ்பீக்கருக்கு 3,000 ரிங்கிட் வரை. உறுதியான ஸ்டாண்டுக்கு 500, 600. ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் உங்கள் காதுக்கு நேராக வர வேண்டும், அலமாரியில் சொருகினால் வாங்கிய பணத்தில் பாதி வீண். அப்புறம் அறைக்கு 800 முதல் 1,000. கேபிளுக்கு வைத்திருந்த பணம் இங்கே வந்துவிட்டது. மீதியை அப்படியே வைத்திருங்கள், கடைசியில் அதற்கு ஒரு வேலை சொல்கிறேன்.

அறைக்கு என்ன வாங்குவது? டைல் தரைக்கு ஒரு தடித்த கம்பளம், சன்னலுக்கு மடிப்பு அதிகமான கனத்த திரை. கட்டடச் சாமான் கடைகளில் கிடைக்கும் ராக்வூல் (கல்நார் இழையல்ல, பாறையை உருக்கி இழுத்த பஞ்சு) பலகைகளை நான்கு அங்குலக் கனத்துக்கு அடுக்கி, மரச்சட்டத்தில் வைத்து, காற்று புகும் துணியால் இறுகப் போர்த்துங்கள். அப்படி ஆறு பலகை செய்தால் போதும். செய்யும்போது முகமூடியும் கையுறையும் அவசியம், அந்தத் தூள் தோலை அரிக்கும். இரண்டு பலகை பக்கச் சுவர்களுக்கு, இரண்டு உங்களுக்குப் பின்னால், இரண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலைகளில். பக்கச் சுவரில் சரியான இடம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், மனைவி ஒரு கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டு போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் பலகைக்கு இடம்.

உட்காரும் இடத்துக்குப் பணமே வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும்விடப் பலன் அதற்குத்தான் அதிகம். 10 அடிச் சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்களை வையுங்கள், முன்முகம் சுவரிலிருந்து மூன்றடியில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஐந்தரை அடி. உங்கள் நாற்காலி பின்சுவரிலிருந்து நான்கரை அடியில். காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஐந்தேகால் அடி சொச்சம் வரும், ஏறக்குறையச் சமபக்க முக்கோணம். பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் உச்சத்தில் வீங்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதுவே மறைந்துவிடும். நான் சொன்ன இடம் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கிருந்து நாற்காலியை அரையடி முன்னும் பின்னும் நகர்த்தி, பேஸ் கிட்டார் நன்றாக நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கும் இடம் ஒன்று அகப்படும், தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

அத்தனையும் செய்தபிறகும் 60 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு மிச்சம் இருக்கலாம். நான்கு அங்குல ராக்வூல் அவ்வளவு தாழ்ந்த ஒலியை அடக்காது, அதில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. அப்போது ஈக்வலைசர் வசதி (குறிப்பிட்ட சுரங்களை மட்டும் கூட்டிக் குறைப்பது) உள்ள ஒரு ஸ்ட்ரீமரில், அதாவது இணையத்திலிருந்து பாட்டு எடுத்துத் தரும் கருவியில், அந்த இடத்தை மட்டும் ஐந்தாறு டெசிபல் குறைத்துக்கொள்ளலாம். மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். பேஸுக்கென்றே இருக்கும் தனிப்பெட்டியான சப்வூஃபரைப் பற்றி ஒரு வருடத்துக்கு யோசிக்கவே வேண்டாம். மின்விசிறி சீலிங்கில் இருந்தால், பாட்டுக் கேட்கும் நேரம் மட்டும் ஏர்கானைத் தாழ்வாக வைத்துவிட்டு விசிறியை நிறுத்துங்கள். இடி இறங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிக்கு நான் பார்க்க எத்தனையோ ஆம்ப் போயிருக்கிறது.

இப்போது மீதிப் பணம். தம்பி, இதை ஸ்பீக்கருக்கும் முன்னால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கரை அடுத்த வருடமும் வாங்கலாம். அப்பாவின் கேசட்டுகள் காத்திருக்காது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போடாதீர்கள், மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, நாடா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருப்பவற்றை முதலில் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பிறகு போடுங்கள். நல்ல நிலையில் உள்ள டெக் ஒன்றை இரவல் வாங்கி, அதில் நாடாவைத் தொடும் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, கணினியில் பதிவு செய்து, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். பிறகு கேசட்டுகளைப் புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்றில், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள்.

பதிவு செய்யும்போது பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வெட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பலர் வானொலியிலிருந்து நேரடியாகப் பதிந்தார்கள், சில வீடுகளில் டெக்கின் மைக் முன்னால் பேசியும் வைத்திருப்பார்கள். அறுபது கேசட்டில் ஏதாவது ஒன்றின் ஓரத்தில் அப்பாவின் குரல் இருக்கக்கூடும்.